டாபர் நிலத்தின் பறவைகள்: நஜஃப்கட் தாழ்நிலத்தில் உடைமை, பயிர், பாதுகாப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொகுக்கப்பட்ட டெல்லி மாவட்ட கெசட்டியர், மாவட்டத்தின் நிலத்தை நான்கு வகையாகப் பிரிக்கிறது. ஆரவல்லிக் குன்றுகளை ஒட்டிய கல்நிலம் கோஹி. யமுனையின் வெள்ளப்படுகை காதர். வெள்ளம் எட்டாத மேட்டுச் சமவெளி பாங்கர். நான்காவது வகை, மாவட்டத்தின் தென்மேற்கில் நஜஃப்கட்டைச் சூழ்ந்திருந்த தாழ்நிலம். மழைக்காலத்தில் மூழ்கி, குளிர்காலத்தில் மெல்ல வெளிப்படும் அந்த நிலத்துக்கு டாபர் என்று பெயர். முதல் மூன்று சொற்களும் இன்றும் நிர்வாகத்திலும் பேச்சிலும் ஓரளவு புழங்குகின்றன. டாபர் மட்டும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆண்டின் ஒரு பாதியில் நீராகவும் மறுபாதியில் வயலாகவும் இருந்த ஒரு நிலவகை நிர்வாகத்தின் கண்ணிலிருந்து எவ்வாறு அகன்றது என்பது டெல்லியின் சூழலியல் வரலாற்றில் முக்கியமான கேள்வி. அந்நிலத்தை உழவரும் காட்டுப்பறவைகளும் பகிர்ந்துகொண்ட முறையைப் பின்தொடர்ந்தால் அதற்கு ஓரளவு விடை கிடைக்கும்.

ராஜஸ்தானின் ஆரவல்லிப் பகுதியில் தோன்றும் சாஹிபி என்னும் பருவகால ஆறு, ரேவாரி வழியாக வடகிழக்கே ஓடி இத்தாழ்நிலத்தில் பரவி நின்றது. மழை குன்றிய ஆண்டில் அது ஒரு சிறு குட்டை. மழை மிகுந்த ஆண்டில் பல கிராமங்களின் வயல்களை மூடிய ஏரி. புரட்டாசி, ஐப்பசியில் நீர் பின்வாங்கத் தொடங்கும். வண்டல் படிந்த ஈரநிலத்தில் கோதுமையும் கடலையும் விதைக்கப்படும். மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு வடக்கிலிருந்தும் வலசை வரும் ஊசிவால் வாத்துகளும் கிளுவைகளும் பட்டைத்தலை வாத்துகளும் அதே வாரங்களில்தான் வந்திறங்கும். பங்குனியில் கோதுமை முற்றும் காலத்தில் பறவைகள் திரும்பிச் செல்லும். குளிர்காலப் பயிரின் நாட்காட்டியும் வலசைப் பறவைகளின் நாட்காட்டியும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே உழவருக்கும் பறவைக்கும் இடையிலான சந்திப்பு ஆண்டுதோறும், ஒரே ஏக்கரில், நீரின் விளிம்பில் நிகழ்ந்தது.

இச்சந்திப்பு எப்போதும் இனிதாக அமைந்தது என்று கருதுவதற்கு இடமில்லை. பட்டைத்தலை வாத்து மேயும் பறவை. பகலில் நீர்நிலையில் ஓய்ந்திருந்துவிட்டு, அந்தியிலும் இரவிலும் வயல்களில் இறங்கி இளங்கோதுமையையும் கடலைத் தளிரையும் மேயும் இயல்புடையது. முளைவிட்ட பயிரை ஒரு பெருங்கூட்டம் மேய்ந்தால் அந்தத் துண்டு நிலத்தின் விளைச்சல் குறையும். தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. குறிஞ்சித்திணைப் பாடல்களில் தினைப்புனங்காவல் தனியொரு துறையாகவே வளர்ந்தது. தட்டை, குளிர், கவண் எனக் கிளி கடியும் கருவிகளுக்குப் பெயர்கள் இருந்தன. வள்ளி பரண்மீது நின்று ஆலோலம் பாடிய கதையின் உழவியல் அடித்தளமும் இதுவே. கிளியை விரட்டிய சமூகம் கிளியை அழிக்க முனையவில்லை. பயிர்க்காலத்தில் விரட்டுவதும் மற்ற நாட்களில் விட்டுவைப்பதும் ஒரே மக்களின் வழக்கங்கள்.

வட இந்தியச் சமவெளியிலும் இத்தகைய வேறுபடுத்தல் இருந்தது. பட்டைத்தலை வாத்து விரட்டப்படும். மயில் பயிரைக் கொத்தினாலும் பெரும்பாலும் கொல்லப்படாது. ஆறடி உயரம் வளரும் சாரஸ் கொக்கு, சதுப்பிலும் நெல்வயலிலும் கூடு கட்டும். இணைபிரியாத பறவை என்ற நம்பிக்கை அதற்குப் பாதுகாப்பாக அமைந்தது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் ஒரு சாரஸ் இணையை வளர்த்து, லைலா, மஜ்னு என்று பெயரிட்டு, அவை கூடியதையும் முட்டையிட்டதையும் மாறிமாறி அடைகாத்ததையும் தம் நினைவுக்குறிப்பில் நுணுக்கமாகப் பதிவுசெய்தார். அரண்மனை ஆவணம் அது. அதே பறவை தம் வயலில் கூடு கட்டியபோது நாற்றைச் சுற்றி விட்டுவைத்த உழவர்கள் எதையும் எழுதிவைக்கவில்லை. எனினும், இன்று உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா, மைன்புரி மாவட்டங்களில் சாரஸ் கொக்குகள் மிகுதியாக வாழ்வது வனத்தில் அன்று, தனியார் வயல்களில். உழவரின் பொறுமையே அங்கு அவற்றின் முதன்மையான காப்பு என்பதைக் கள ஆய்வுகள் காட்டியுள்ளன.

காலனிய ஆட்சியில் டாபர் நிலத்துக்கு மூன்றாவது தரப்பு ஒன்று வந்தது. டெல்லியில் இருந்த அதிகாரிகளுக்கும் படையினருக்கும் நஜஃப்கட் ஏரி குளிர்கால வேட்டைக்களம். இந்தியப் பறவையியலின் முன்னோடியாகக் கருதப்படும் ஆலன் ஆக்டேவியன் ஹியூம், மார்ஷலுடன் இணைந்து இந்திய வேட்டைப் பறவைகள் குறித்த மூன்று தொகுதி நூலை 1879 முதல் 1881 வரை வெளியிட்டார். பறவையை அறிதலும் பறவையைச் சுடுதலும் அக்காலத்தில் பிரிக்க முடியாதவை. வேட்டையின் அளவை உணர, டெல்லிக்குத் தெற்கே பரத்பூரில் உள்ள கல்வெட்டைப் பார்க்கலாம். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் குழு அங்கு ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியதாக அது பதிவுசெய்கிறது.

இக்காலத்தின் சட்டங்களில் உடைமை பற்றிய ஒரு குறிப்பு கவனத்துக்குரியது. 1912ஆம் ஆண்டின் காட்டுப்பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட இனங்களுக்கு வேட்டை தடைசெய்யப்பட்ட பருவங்களை வகுக்க மாகாண அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. ஆனால் தன் உடைமையை நல்லெண்ணத்துடன் காத்துக்கொள்ளும் பொருட்டு ஒருவர் காட்டுப்பறவையைப் பிடிப்பதோ கொல்வதோ அச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நிலைமை மாறியது. தன் உயிரையோ பிறர் உயிரையோ காப்பதற்கான விலக்கு நீடித்தது. உடைமையைக் காக்கும் உரிமை, குறிப்பாக நிற்கும் பயிரைக் காக்கும் உரிமை, தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதிக்கு உட்பட்டதாயிற்று. அறுபது ஆண்டு இடைவெளியில், வயலில் இறங்கிய பறவை குறித்து முடிவெடுக்கும் அதிகாரம் நிலத்துக்குரியவரின் கையிலிருந்து அரசின் கைக்குச் சென்றது. வேட்டையால் பறவையினங்கள் சரிந்துகொண்டிருந்த காலத்தில் இம்மாற்றம் தேவையானதே. எனினும், பறவையைப் பொறுத்துக்கொள்ளும் செலவு உழவரிடமே இருந்துவிட்டது. இச்செலவை யார் ஏற்பது என்ற கேள்வியைச் சட்டம் எழுப்பவில்லை.

வேட்டையைவிடவும் சட்டத்தைவிடவும் டாபர் நிலத்தை அடியோடு மாற்றியது வடிகால். ஏரிநீரை யமுனைக்கு வெட்டிவிட்டால் மூழ்கிய நிலம் நிலையான கோதுமை வயலாகும், நிலவரியும் நிலைபெறும் என்ற கணக்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கால்வாய் வெட்டப்பட்டது. ஆயினும் ஏரி முழுமையாக மறையவில்லை. 1964இன் வெள்ளத்துக்குப் பிறகு வடிகால் அகலப்படுத்தப்பட்டு ஆழப்படுத்தப்பட்டது. 1977இல் சாஹிபி மீண்டும் பெருக்கெடுத்தபின், ரேவாரிக்கு அருகே மசானியில் தடுப்பணை எழுந்தது. டெல்லி எல்லையில் டான்சாவில் கரைகள் வலுப்பெற்றன. துணை வடிகாலும் வெட்டப்பட்டது. இவையெல்லாம் மக்களை வெள்ளத்திலிருந்து காக்கும் நோக்கில் செய்யப்பட்டவை. ஆனால் விளைவு வேறொரு திசையில் சென்றது. மேற்பகுதியில் தடுக்கப்பட்ட ஆற்றில் மழைநீர் வரத்து குறைந்தது. கீழ்ப்பகுதியில் நகரத்தின் கழிவுநீர் சேர்ந்தது. டான்சாவிலிருந்து வஜீராபாத் வரை சுமார் 57 கிலோமீட்டர் ஓடும் சாஹிபியின் கடைப்பகுதியை டெல்லிவாசிகள் இன்று நஜஃப்கட் நாலா, அதாவது சாக்கடை என்ற பெயரிலேயே அறிவர். ஓர் ஆறு என்ற நினைவே பொதுமனத்திலிருந்து நீங்கிவிட்டது.

ஏரி சுருங்கியபோது பாதுகாப்பின் பார்வை அருகிலிருந்த சிறிய நீர்நிலை ஒன்றின்மீது குவிந்தது. அது குர்காவ் மாவட்டத்துச் சுல்தான்பூர். அதன் முன்கதை உப்பு சார்ந்தது. அப்பகுதியின் உவர்நீர்க் கிணறுகளிலிருந்து எடுத்த நீரைப் பாத்திகளில் காய்ச்சி உருவாக்கிய சுல்தான்பூர் உப்பு வட இந்தியச் சந்தைகளில் பெயர்பெற்றிருந்தது. ஹியூம் 1867 முதல் 1870 வரை உள்நாட்டுச் சுங்க ஆணையராக இருந்து உப்பு வரியைக் காக்கும் நெடிய முள்வேலியை மேற்பார்வையிட்டவர் என்பதை இங்கு நினைவுகூரலாம். சாம்பர் ஏரியின் உப்பு 1870க்குப் பிறகு ஆங்கிலேய நிர்வாகத்தின்கீழ் வந்து சந்தையை நிறைத்தபின், சுல்தான்பூர் உப்புத்தொழில் நலிந்து இறுதியில் மறைந்தது. உவர்ப்பான தாழ்நிலமும் அதில் தேங்கிய மழைநீரும் எஞ்சின. பூநாரைகளும் வாத்துகளும் அங்கு வந்தன.

1950இல் காந்தியின் நண்பரும் குவேக்கருமான ஹோரஸ் அலெக்ஸாண்டர் முதலியோர் தொடங்கிய டெல்லி பறவை நோக்குநர் சங்கம் இந்நீர்நிலையை நன்கு அறிந்திருந்தது. இந்திரா காந்தி அதன் தொடக்ககால உறுப்பினர்களில் ஒருவர். சங்கத்தின் செயலராக இருந்த ராய்ட்டர்ஸ் செய்தியாளர் பீட்டர் ஜாக்ஸன் சுல்தான்பூரைக் காக்குமாறு பிரதமருக்கு எழுதினார். 1970களின் தொடக்கத்தில் ஹரியானா அரசு அதைச் சரணாலயமாக்கியது. 1991இல் அது தேசியப் பூங்காவாக உயர்ந்தது. 2021இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. பரப்பு 1.43 சதுர கிலோமீட்டர். மண்மேடுகள் அமைக்கப்பட்டு, கருவேல மரங்கள் நடப்பட்டு, கால்வாய் வழியே யமுனை நீர் கொண்டுவரப்படுகிறது. பறவைகளுக்கு இது பெரும் பேறு. ஆனால் ஒரு காலத்தில் மழைக்கேற்ப விரிந்து சுருங்கிய பரந்த டாபர் நிலத்துக்குப் பதிலாக, வேலியிட்ட சிறு நிலமும் செயற்கை நீர்வரத்தும் கிடைத்தன என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். வேலிக்கு உள்ளே பறவை, வெளியே பயிர் என்ற பிரிவினை இவ்வட்டாரத்தில் அப்போது வேரூன்றியது. பறவைகளோ பகலில் உள்ளே ஓய்ந்து இரவில் வெளியே மேய்ந்தன.

இப்பிரிவினையின் விலை எத்தகையது என்பதை பரத்பூரின் கேவலாதேவ் காட்டியது. அதுவும் இயற்கையான ஏரியன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட அஜான் கரையால் உருவான சதுப்பு. சுற்றுக் கிராமத்தவர் அங்கு எருமை மேய்த்தனர், புல் அறுத்தனர். 1982இல் அது தேசியப் பூங்காவானதும் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. எதிர்த்தோர்மீது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. கிராமத்தவர் சிலர் உயிரிழந்தனர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கு மேற்கொண்ட நெடுங்கால ஆய்வின் முடிவு தடையின் அடிப்படையையே அசைத்தது. எருமைகள் மேயாததால் நீர்ப்புல் கட்டற்றுப் பெருகி, திறந்த நீர்ப்பரப்பு குறைந்து, பல நீர்ப்பறவைகளுக்கு அது கேடாக முடிந்தது என்று அவ்வாய்வு கண்டது. மக்களின் பயன்பாடு அந்தச் சதுப்பின் அமைப்பில் ஓர் உறுப்பாக இருந்ததை உயிர்களை இழந்தபின்பே நிர்வாகம் அறிந்தது.

இதற்கு மாறான முன்மாதிரி ஒன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலோடு பெயர் பிணைந்த அதே ஆட்சியர் லயனல் பிளேஸ், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வேடந்தாங்கல் கிராமத்தாருக்கு ஒரு கவுல் வழங்கினார் என்பது நெடுங்காலமாகப் பதிவாகிவரும் செய்தி. வெள்ளைச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது கிராமத்தார் ஆட்சியரிடம் முறையிட்டனர். பறவைகளைச் சுடவிடாமல் தடுக்கும் உரிமையை அந்தக் கவுல் அவர்களுக்கு அளித்தது. 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. இம்முறையீட்டின் அடிப்படை வேளாண் நலன். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், இராக்கொக்கு ஆகியவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரநீராகப் பாய்ந்தது. ஆயக்கட்டு உழவருக்குப் பறவை ஒரு வரவு. சுமார் 30 எக்டேர் பரப்புள்ள அந்தப் பாசன ஏரி பின்னர் அரசின் சரணாலயமாயிற்று. 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் கிராமத்து மரங்களிலும் நாரைகள் கூடு கட்டுகின்றன. அவை கலையாமல் இருக்க ஊரார் பட்டாசு வெடிப்பதைத் தவிர்க்கின்றனர்.

வேடந்தாங்கலையும் நஜஃப்கட்டையும் நேரடியாக ஒப்பிடுவது பிழையாகும். வேடந்தாங்கலின் பறவைகள் மரத்தில் கூடு கட்டி மீனும் நத்தையும் தின்பவை. அவை பயிரைத் தொடுவதில்லை. நஜஃப்கட்டின் வாத்துகளில் சில பயிரையே மேய்பவை. வேடந்தாங்கலில் ஏரி யாருக்கும் தனியுடைமையன்று, ஊர்ப்பொது நீர்நிலை. நஜஃப்கட்டில் மூழ்கிய நிலத்தின் பெரும்பகுதி வருவாய்ப் பதிவேட்டில் உழவர் பெயரில் உள்ள வயல். ஆனால் ஒரு வேறுபாடு பறவையாலோ நிலத்தாலோ வந்ததன்று. செங்கல்பட்டில் அரசு கிராமத்தாரின் வழக்கத்தை உரிமையாக ஏற்று எழுத்தில் தந்தது. டெல்லியைச் சுற்றிலும் அவ்வாறான ஏற்பு எக்காலத்திலும் நிகழவில்லை. அங்கு அரசு வரி வாங்கியது, வடிகால் வெட்டியது, பிறகு வேலியிட்டது.

இன்றைய நிலை இன்னும் சிக்கலானது. குருகிராம் நகரம் வளர்ந்து அதன் கழிவுநீர் பாட்ஷாபூர் வடிகால் முதலியவற்றின் வழியே தாழ்நிலத்தில் சேர்வதால், முன்பு குளிர்காலத்தில் வற்றிய நீர் இப்போது ஆண்டு முழுவதும் நிற்கிறது. பூநாரைகளும் வாத்துகளும் பெருங்கூட்டமாகத் திரும்பியுள்ளன. அதே நீரின் அடியில் உழவரின் பட்டா நிலம் கிடக்கிறது. விதைக்க முடியாத அந்நிலத்துக்கு இழப்பீடு கேட்டு அவர்கள் நெடுங்காலமாக மனுக்கொடுத்துவருகின்றனர். மறுபுறம், இன்டாக் அமைப்பு இதை நீர்நிலையாகக் காக்கக் கோரித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடியது. 2022இல் தீர்ப்பாயம் டெல்லி, ஹரியானா அரசுகள் தத்தம் பகுதிக்கான சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டங்களை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று பணித்தது. இரு தரப்பின் கோரிக்கையிலும் நியாயம் உண்டு. நகரத்தின் கழிவை ஏற்றுக்கொண்டது வயல். பறவைக்கு இடமளித்ததும் வயல். அந்த வயலுக்குரியவருக்கு இவ்விரண்டுக்கும் ஈடு எதுவும் முறையாகக் கிடைக்கவில்லை.

2017ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் இச்சிக்கலைத் தீர்க்கப் போதுமானவையல்ல. நெல்வயல்களும், பாசனத்துக்காகவும் உப்பு உற்பத்திக்காகவும் மனிதர் அமைத்த நீர்நிலைகளும் அவ்விதிகளின் வரையறைக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. சாரஸ் கூடு கட்டுவது நெல்வயலில். வேடந்தாங்கல் ஒரு பாசன ஏரி. சுல்தான்பூரின் தொடக்கம் உப்புப் பாத்தி. சரணாலயம், ராம்சர் தளம் ஆகிய தனித் தகுதிகள் இல்லாவிட்டால் இத்தகைய இடங்கள் ஈரநிலம் என்ற சொல்லுக்குள்ளேயே வருவது கடினம். மனித உழைப்பு கலந்த நிலத்தை இயற்கை என ஏற்கத் தயங்கும் பழைய மனப்பாங்கு இவ்வரையறையிலும் தொடர்கிறது எனலாம்.

ஆய்வு மாணவர்களுக்கு இங்கு ஒரு களம் காத்திருக்கிறது. பறவை வரலாறு இதுவரை வேட்டைக்காரர்களின் நாட்குறிப்பு, அருங்காட்சியகத் தோல் மாதிரி, பறவை நோக்குநர்களின் பட்டியல் ஆகியவற்றிலிருந்தே எழுதப்பட்டுள்ளது. உஷா கங்குலி தொகுத்து 1975இல் வெளிவந்த டெல்லி வட்டாரப் பறவைக் கையேடு இவற்றுள் தலைசிறந்தது. வருவாய்த்துறை ஆவணங்கள் இன்னும் இக்கோணத்தில் வாசிக்கப்படவில்லை. வட இந்தியாவில் பட்வாரி ஒவ்வொரு பருவத்திலும் எழுதிய கிர்தாவரி, தமிழகத்து அடங்கலுக்கு இணையான பயிர்ப்பதிவு. எந்த வயல் எந்த ஆண்டு மூழ்கியது, எங்குப் பயிர் பொய்த்து கராபா என்று குறிக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் புல எண் வாரியாக உண்டு. பல பத்தாண்டுகளின் கிர்தாவரிப் பதிவுகளை வரைபடத்தில் அடுக்கினால், டாபர் நிலம் எவ்வாறு விரிந்து சுருங்கியது என்பது துலங்கும். பறவைகள் எங்கு இறங்கியிருக்கக்கூடும் என்பதற்கும் குறிப்பு கிடைக்கும். அதோடு, மூழ்கிய ஆண்டுகளின் இழப்பை எந்த உழவர் குடும்பங்கள் தாங்கின என்பதும் புலப்படும். தீர்ப்பாயத்தின் முன் இன்று நடப்பது நீரின் எல்லையைப் பற்றிய வழக்கு. அந்த எல்லைக்குள் நிலம் வைத்திருப்பவருக்குரிய ஈட்டைக் கணக்கிட இப்பதிவேடுகளைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.